கீழே வைக்காத மண்

சின்னத்தாய் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தோட்டத்தில் குறைவு. பிரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது எல்லோரும் குந்தியிருக்க, அவள் மட்டும் நின்றபடி கால் மாற்றிக்கொண்டிருப்பாள். சோறு தின்பதும் நின்றுதான். ஒரு வாய் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவாள், எதையோ எட்டிப் பார்ப்பாள், மறுபடி உள்ளே போய் அடுத்த வாய். "ஏளா, ஒனக்குக் காலுல சக்கரமா கட்டி விட்டிருக்கு?" என்று கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். நின்று சிரிக்கக்கூட அவளுக்குப் பொறுமை இருக்காது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றியது என்று கேட்டால் லயத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். எல்லாம் அந்த மண் கலயத்தால் வந்தது என்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது வாக்கில் தென்காசிக்குப் பக்கத்து மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து ஒரு கூட்டம் கங்காணியின் பின்னால் கிளம்பியது. போடிநாயக்கனூர் வரை வண்டி. அங்கிருந்து போடிமெட்டு ஏறி, அதற்கும் மேலே தேயிலைத் தோட்டம் வரை நடை. அந்தக் கூட்டத்தில் பொன்ராஜும் அவன் மனைவி சின்னத்தாயும் பொன்ராஜின் அண்ணன் பெரியமுத்துவும் இருந்தார்கள். பெரியமுத்து ஊர் மாரியம்மன் கோயிலில் பூசாரிக்குக் கைவேலை செய்தவர். மலைக்குப் போனதும் அவர்தான் பூசாரி என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது.

புது இடத்துக்குப் பிழைக்கப் போகிறவர்கள் சாமியை விட்டுவிட்டுப் போவதில்லை. கோயிலடியில் ஒரு பிடி மண் எடுத்துக் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாய்கட்டிக் கொண்டுபோவார்கள். போன இடத்தில் அதைக் கொட்டி மேலே ஒரு கல் நட்டால் சாமி அங்கேயும் வந்தாயிற்று. அதற்குப் பிடிமண் என்று பேர். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. போய்ச் சேரும்வரை கலயத்தைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் வைத்த இடத்திலேயே அவள் இறங்கிக்கொள்வாள், பிறகு கெஞ்சினாலும் எழுந்து வரமாட்டாள்.

கலயத்தைச் சுமக்க வேண்டியவர் பெரியமுத்து. போடி வந்ததும் அவருக்குக் காய்ச்சல் கண்டு நிற்கவே முடியவில்லை. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாமி வேண்டும், ஆனால் மலை ஏறும்போது இரண்டு கையும் அதற்கே போய்விடும் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? "இங்க தாங்க அத்தான்" என்று சின்னத்தாய் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பாறையில் உட்கார்ந்து இளைப்பாறியபோது அவள் நின்றாள். உட்கார்ந்தால் கண் அசரும், கண் அசந்தால் கை நழுவும் என்ற பயம். அன்றைக்கு நிற்கப் பழகியவள்தான்.

அவளுடைய பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊர்ப் பூசாரி கலயத்தில் போட்டது ஒரு பிடிதான். கிளம்பும் நாள் காலையில் கலயம் அவர்கள் வீட்டு உறியில் தொங்கியது. சின்னத்தாய் அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். வேம்படியில், வேலியோரமாக, பழமும் கொட்டையும் உதிர்ந்து கிடந்த இடத்தில் இரண்டு கையாலும் மண்ணை வாரிக் கலயம் தளும்பப் போட்டாள். பிறகு துணியைக் கட்டி உறியில் மாட்டிவிட்டு ஒன்றும் நடக்காதது போல இருந்தாள்.

மலையில் வேம்பு கிடையாது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். தலைப்பிள்ளையை அம்மைக்குக் கொடுத்தவள் அவள். வேப்பிலை இல்லாத ஊரில் மறுபடியும் அம்மை வந்தால் என்ன செய்வது? அந்த எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது. வேப்பங்கொட்டையோடு வேலியில் நின்ற உண்ணிச்செடியின் கறுத்த பழங்களும் சேர்ந்து வந்தன. அதைப் பொறுக்கி எறிய அவளுக்கு நேரமில்லை, எறிய வேண்டும் என்று தோன்றவுமில்லை.

உண்ணிச்செடி நம் நாட்டுச் செடியே அல்ல என்கிறார்கள். எந்தத் துரையோ அழகுக்காகக் கப்பலில் கொண்டுவந்து தொட்டியில் வைத்தானாம். அது தொட்டியில் இருக்கப் பிடிக்காமல் இறங்கி வேலிக்குப் போனது, வேலியிலிருந்து தரிசுக்குப் போனது. சின்னத்தாய் பிறந்தபோது அது ஊரைச் சுற்றி எங்கும் இருந்தது. எங்கும் இருக்கிற ஒன்றை வந்தது என்று யார் நினைப்பார்கள்?

மலையில் மண்ணைக் கொட்டிய இடம் தோட்டத்தின் மேல் எல்லை. தேயிலை அங்கே முடிந்துவிடும். ஓர் எல்லைக்கல், அதைத் தாண்டினால் சோலைக்காடு, சோலைக்கு மேலே புல்மேடு. அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. வேட்டைக்கு மிளாமானும் காட்டெருமையும் வேண்டுமென்று துரைமார் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ரிசர்வு என்று சொல்லிச் சர்க்காரும் கல் நட்டிருந்தது. விறகுக்கு ஒரு சுள்ளி ஒடித்தாலும் வாச்சர் என்கிற காட்டுக் காவல்காரன் வந்து பிடிப்பான். மாரியம்மன் கல் நட எல்லைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டார்கள்.

இரண்டு வேப்பங்கன்று தலைகாட்டின. சின்னத்தாய் கொழுந்து பறிக்கப் போகும்போதும் வரும்போதும் ஓடிப் போய்ப் பார்த்தாள். மார்கழிப் பனியில் இரண்டும் கருகி விழுந்தன. அவள் அழுததற்குக் காரணம் தெரியாமல் பொன்ராஜ் விழித்தான். ஆனால் அதே மண்ணில், கல்லை ஒட்டி, சொரசொரப்பான இலையோடு இன்னொரு செடி பனியைச் சட்டைசெய்யாமல் நின்றது. சித்திரையில் அது பூத்தது.

"வேம்பு போச்சு அத்தான். இது நிக்கி" என்றாள் சின்னத்தாய்.

பெரியமுத்து குனிந்து பார்த்தார். "இது வேலிச்செடில்லா."

"எந்த வேலி? ஆத்தா கோயிலச் சுத்தி நின்ன வேலிதான. அவ தனியாவா வருவா? காவலயும் கூட்டிக்கிட்டு வந்துருக்கா. பூவப் பாருங்க, மஞ்சளும் குங்குமமுமா நிக்கி."

பெரியமுத்துவுக்கு அது பிடித்துவிட்டது. தழை இல்லாமல் பூசை செய்கிற பூசாரியாக இருக்க அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மறு வெள்ளிக்கிழமை அந்தச் செடிக்கும் மஞ்சள் தெளித்தார்.

மகள் பூமாரி பிறந்து நடக்கத் தொடங்கிய வருஷம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் அம்மை வந்தது. சின்னத்தாய் லயத்தின் எல்லா வாசலிலும் உண்ணித்தழை கட்டினாள். பூமாரிக்கும் முத்து போட்டது. சின்னத்தாய் அவளைத் தழைமேல் கிடத்தி, இருக்க முடியாமல் வாசலுக்கும் பாயருகுக்குமாக நடந்தாள். பிள்ளை பிழைத்தது. அந்த லயத்தில் யாரும் சாகவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எல்லோருக்கும் அம்மை குத்திவிட்டுப் போயிருந்தார்கள். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதன்பின் கேட்க வேண்டுமா? தோட்டம் தோட்டமாக ஆட்கள் வந்து தழை கேட்டார்கள், கொப்பு கேட்டார்கள். உண்ணிக்கொப்பு எங்கே குத்தினாலும் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சின்னத்தாய் கொப்புக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு லயத்தில் நட்டுவிட்டு அடுத்த லயத்துக்கு நடப்பாள். ஓயாத அந்தக் காலுக்கு அது பெரிய வேலையாக வாய்த்தது. பூமாரி கொஞ்சம் வளர்ந்ததும் அவள் தலையில் தினம் ஒரு பூங்கொத்தைச் செருகி விடுவாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கொண்டைக்குருவிகளும் சந்தோஷமாகத்தான் இருந்தன. அம்மன் கல்லருகே பழத்தைத் தின்றுவிட்டு அவை சோலைக்குள் போய் எச்சமிட்டன. எல்லைக்கல் குருவிக்கு நட்டதில்லையே. ஆனாலும் சோலைக்குள் வெயில் விழாது, வெயில் இல்லாத இடத்தில் அந்தச் செடியின் பாச்சா பலிக்கவில்லை. விதை கிடந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலில், அந்தப் பெருவெள்ளம் வந்தது. ரயில் போயிற்று, ரோடு போயிற்று, மலை பல இடத்தில் சரிந்து சோலை மரங்களை வேரோடு இழுத்துக்கொண்டு இறங்கியது. சரிந்த இடமெல்லாம் செம்மண்ணும் வெயிலுமாகக் கிடந்தது. அடுத்த வருஷமே அங்கெல்லாம் உண்ணிச்செடி எழுந்தது. அதற்கடுத்த வருஷம் மிளா இறங்கும் தடத்தை அடைத்தது. பிறகு புல்மேட்டின் ஓரத்தில் ஏறியது.

வேட்டைக்குப் போன துரை முள் கிழித்த சட்டையோடு திரும்பி வந்து, எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி உத்தரவு போட்டான். கூட்டம் எல்லைக்கல் வரை போய் நின்றது. ஒருவரும் கத்தியை எடுக்கவில்லை. சின்னத்தாய் முன்னால் வந்து, "ஆத்தா செடியில நாங்க கைவைக்க மாட்டோம். வேற சோலியச் சொல்லச் சொல்லுங்க" என்று கங்காணியிடம் சொன்னாள். துரை வெளியாட்களைக் கொண்டுவந்து வெட்டினான். வெட்டிய கட்டையில் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்தது. சின்னத்தாய் அதை லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். துரையால் ஆத்தாளை வெட்ட முடியவில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

இனி வெள்ளச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சின்னத்தாயின் பசு. கன்றாக வாங்கி வளர்த்தது. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் நிறம். சின்னத்தாய் நாளில் இரண்டே தடவை உட்காருவாள் என்றால் அது வெள்ளச்சியைக் கறக்கத்தான். குந்தி உட்கார்ந்து, நெற்றியை அதன் விலாவில் சாய்த்துக்கொண்டு கறப்பாள். கறந்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் எழமாட்டாள். அவள் மூச்சு சீராக வருவதே அப்போதுதான் என்று பொன்ராஜ் சொல்லுவான்.

துரை செடியை வெட்டிய அந்த வருஷக் கோடை பொல்லாததாக இருந்தது. தோட்டத்து மாடுகள் மேய விட்டிருந்த சரிவில் புல் இருந்த இடமெல்லாம் உண்ணிச்செடி. மீதமிருந்த புல்லும் காய்ந்துபோனது. ஒருநாள் வெள்ளச்சி தீனி எடுக்காமல் நின்றது. கண் மஞ்சள் பூத்திருந்தது. மறுநாள் மூக்குத்தோல் வெடித்தது, காதோரம் உரிந்து தொங்கியது. வெயிலில் கட்டினால் அது துடித்தது.

பெரியமுத்து வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மாட்டு மேல ஆத்தா வந்துருக்கா. தழை கட்டு. தழைத்தண்ணி தெளி."

சின்னத்தாய் அம்மன் கல்லுக்கு ஓடிப் போய்த் தழை ஒடித்து வந்து தொழுவத்தைச் சுற்றிக் கட்டினாள். பிள்ளையைக் காப்பாற்றிய தழை பசுவைக் காப்பாற்றாதா? வெள்ளச்சி வேறு எதையும் தொடவில்லை, ஆனால் கழுத்தை நீட்டித் தழையை எட்டிக் கடித்தது. ஏதோ ஒன்று தின்கிறதே என்று சின்னத்தாய்க்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னும் கொண்டுவந்தாள். தன் கையாலேயே ஊட்டினாள். ஒவ்வொரு நாளும் தோல் அதிகமாக உரிந்தது. அவள் ஒவ்வொரு நாளும் அதிகமாகத் தழை கொண்டுவந்தாள்.

அப்போதுதான் சென்னியப்பன் அந்த வழியாக வந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். மாட்டு வியாபாரம். உடுமலை வழியாக மாடுகளை ஓட்டிக்கொண்டு வருஷம் ஒருமுறை மலைத் தோட்டங்களுக்கு வருவார். தொழுவத்தின் தோரணத்தைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்கம்மிணி, இந்தத் தழைய எதுக்குங்க இங்க கட்டித் தொங்க உட்டிருக்கீங்க?"

"மாட்டுக்கு அம்மை போட்டுருக்கு."

அவர் உள்ளே வந்து வெள்ளச்சியின் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். "அம்மையுமில்ல ஒண்ணுமில்லீங்க. உண்ணித்தழை தின்ன மாடுங்க இது. எங்கூருப் பக்கம் காட்டோரத்துல பூராவும் இந்தச் செடிதானுங்க. கோடையில வேற தீனி இல்லாட்டி மாடு இதைத் தின்னுபோடும். கண்ணு மஞ்சளாயிரும், வெய்யில்ல நின்னா தோலு உரிஞ்சுரும். வெள்ளை மாடுன்னா இன்னும் சீக்கிரமுங்க." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "எத்தனை நாளாத் திங்குதுங்க?"

சின்னத்தாய் தன் கையைப் பார்த்தாள். கையில் இருந்த தழைக்கட்டு அப்படியே இருந்தது.

"பொழைக்குமா?" என்று கேட்டாள்.

"அதையெல்லாம் அவுத்துப் போடுங்க. நெழல்ல கட்டுங்க. பொழைச்சா அந்த ஆத்தா புண்ணியமுங்க."

அவர் போனதும் தோரணத்தை அறுத்து எறிந்தாள். வெள்ளச்சி கழுத்தை நீட்டி அந்தத் தழையைத் தேடியது. சில நாளில் பசு செத்தது. அதன் கன்றுக்குட்டி தழையைத் தொடாததால் தப்பியது. முதலில் அவளுக்கு ஆத்தாள் மேல் கோபம் வந்தது. பிறகு தன் மேல் வந்தது. முதல் கோபம் சீக்கிரம் போய்விட்டது, இரண்டாவது கடைசிவரை போகவில்லை.

பசுவைப் புதைத்த மறுநாள் அவள் மண்வெட்டியோடு அம்மன் கல்லுக்குப் போனாள். செய்தி பரவி லயமே பின்னால் வந்தது. பெரியமுத்து குறுக்கே கையை நீட்டினார்.

"சின்னத்தாயி, கை வைக்காத. ஒன்னோட போவாது. லயத்துக்கே வரும்."

"ஊர்ப் பூசாரி தந்தது ஒரு பிடி அத்தான். மிச்சத்த நாந்தான் அள்ளிப் போட்டேன். வேம்படியில, வேலியோரமா, ரெண்டு கையாலயும். ஒங்க யாருகிட்டயும் சொல்லல. இது ஆத்தா கொண்டாந்தது இல்ல. நா கொண்டாந்தது."

இத்தனை வருஷமாகக் கும்பிட்டது எதை என்ற கேள்வி எல்லோர் முகத்திலும் இருந்தது. பெரியமுத்து கையை இறக்கினார். "அந்த ஒரு பிடியும் அதுல இருந்துச்சுல்லா? அது போதும்" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த மனுஷரை நான் அதற்காக மதிக்கிறேன்.

பொன்ராஜ் லயத்துக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்தான். இருவரும் சேர்ந்து அந்தத் தாய்ச்செடியைக் கிளப்பினார்கள். வேர் கையளவு பருத்துக் கல்லின் அடிவரை போயிருந்தது. கல் ஒரு பக்கம் சாய்ந்தது. சின்னத்தாய் அதை நிமிர்த்தி மண் அணைத்தாள். இனி அவளுக்கு அம்மை போடும் என்று லயம் காத்திருந்தது. தண்ணீர் எடுக்கும் இடத்தில் கொஞ்ச நாள் விலகி நின்றார்கள். அம்மை வரவில்லை. ஆனால் மழை விழுந்ததும் கல்லைச் சுற்றி நூறு கன்று முளைத்தது.

அதன்பின் அவள் காலுக்கு நிஜமாகவே ஓய்வு போயிற்று. வேலை விட்டதும் பிடுங்கப் போவாள், ஞாயிறு முழுக்கப் பிடுங்குவாள். தான் கொப்பு நட்ட லயங்களுக்கெல்லாம் மறுபடி நடந்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வந்தவளை யார் வரவேற்பார்கள்? சில இடத்தில் திட்டினார்கள், சில இடத்தில் கதவைச் சாத்தினார்கள். எல்லைக்கல்லைத் தாண்டிச் சோலைக்குள்ளும் போனாள். வாச்சர் பிச்சைமணி அவளைப் பிடித்தான். பக்கத்து லயத்துக்காரன்தான்.

"மதினி, உள்ள வரக்கூடாதுன்னு தெரியும்லா?"

"இதுகிட்டயும் சொன்னியாடே?" என்று கையிலிருந்த செடியைக் காட்டினாள்.

அவன் மண்வெட்டியை வாங்கி வைத்துக்கொண்டான். மறு வாரம் அவள் வெறுங்கையோடு வந்து பிடுங்கினாள். விஷயம் துரை காதுக்குப் போய், அந்தப் பைத்தியத்தை விட்டுவிடு என்று பதில் வந்தது. கூலி கிடையாது, தடையும் கிடையாது. ஒரு சரிவைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த சரிவுக்குப் போய்த் திரும்பினால் முதல் சரிவு பச்சையாக இருக்கும். இது முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வீட்டில் இருக்க முடியவில்லை. வெள்ளச்சியின் கன்று பெரிதாகிக் கறவைக்கு வந்தபோதும் கறக்கப் பொன்ராஜையே விட்டாள்.

பூமாரியைச் சோலைக்கு அந்தப் பக்கம், காந்தலூர்த் திசையில் திறந்திருந்த புதுத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ரிசர்வுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் அங்கே போக வேண்டும். நடக்க மட்டும் அனுமதி. அந்தப் பக்கம் இன்னும் உண்ணிச்செடி போகவில்லை. சின்னத்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுத்தமாக இருக்கிறது என்று பொன்ராஜிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த தையில் பூமாரி வந்தாள். முழுகாமல் இருந்தாள். கூடப் புருஷனும் நாலைந்து சொந்தக்காரர்களும் வந்தார்கள். அவள் கையில் ஒரு புதுக் கலயம், அதில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

"எங்க தோட்டத்துல ஆத்தாளுக்குக் கல்லு நட்டுருக்காவ. பிடிமண்ணு இங்கருந்துதான் எடுக்கணும்னு எல்லாரும் சொல்லுதாவ. நா பிள்ளையப் பெத்தெடுக்கதுக்குள்ள ஆத்தா அங்க வந்துரணும்மா."

சின்னத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். பிடிமண் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு. கல்லடி மண்ணில் ஒவ்வொரு மழைக்கும் எத்தனை முளைக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பொறுக்கிக் கொடுக்கலாம். ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பிய ஒன்று போதும்.

"போய்ப் பெரியப்பா வீட்டுல சாப்பிட்டுட்டு வாங்க. நா எடுத்து வைக்கேன்" என்றாள்.

பெரியமுத்து கல்லடியில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் ஏந்தி வந்து, வீட்டுக் கதவைச் சாத்தினாள். அடுப்பை மூட்டி வறுக்கிற மண் ஓட்டை அதன்மேல் வைத்தாள். ஓடு காய்ந்ததும் அம்மன் மண்ணை அதில் கொட்டினாள்.

இதைவிடப் பெரிய பாவம் அவளுக்குத் தெரியாது. புட்டுக்கு மாவு வறுப்பதுபோல அடிபிடிக்காமல் கிளறினாள். மண்ணுக்குள் எதுவோ பட்டுப் பட்டென்று வெடித்தது. "தாயி, ஒனக்குச் சுடும். பொறுத்துக்கோ. எனக்கும் சுட்டுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே வறுத்தாள். வெடிப்பு நின்ற பிறகும் வறுத்தாள். பிறகு கலயத்தில் கொட்டித் துணி கட்டி, அவர்கள் வரும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பூமாரி வாங்கியவள் துணுக்குற்றாள். "என்னம்மா, கலயம் சுடுது?"

"மாரியாத்தா குளுந்தா இருப்பா? கீழ வைக்காமப் போ."

அவர்கள் கிளம்பினார்கள். சின்னத்தாய் எல்லைக்கல் வரை கூடவே வந்து நின்றாள். அவர்கள் வரிசையாகச் சோலைக்குள் நுழைந்தபோதுதான் மகளின் பின்தலையைப் பார்த்தாள். கொண்டையில் மஞ்சளும் குங்குமமுமாக ஓர் உண்ணிக்கொப்பு. லயத்து வாசலில் யாரும் பிடுங்க விடாத செடியில் ஒடித்தது. பூவுக்குக் கீழே காய்க்கொத்து ஒன்று கறுத்துப் பழுத்திருந்தது.

அவள் ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடியதை அவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மூச்சிரைக்கப் போய்க் கொண்டையில் கையை விட்டு அந்தக் கொப்பை உருவினாள். பூமாரியால் தடுக்க முடியவில்லை, அவளுடைய இரண்டு கையும் கலயத்தில் இருந்தன.

"ஏம்மா, பூவ..."

"தலையில வேண்டாம்."

"நீதானம்மா எனக்குத் தெனமும் வெச்சுவிடுவ."

"ஆமா. நாந்தான் வெச்சேன்."

பூமாரி அம்மாவையே பார்த்தாள். புருஷன் கூப்பிட்டதும் கலயத்தை அணைத்துக்கொண்டு நடந்தாள். சின்னத்தாய் அவர்கள் தலை மறையும்வரை நின்றுவிட்டுத் திரும்பினாள்.

எல்லைக்கல்லில் பிச்சைமணி நின்றுகொண்டிருந்தான். "என்ன மதினி, ரிசர்வுக்குள்ள இருந்து எதையும் எடுத்துட்டு வரக்கூடாது. அதக் கீழ போடுங்க."

"கீழ வைக்க முடியாது" என்றாள் அவள்.

அவன் என்ன நினைத்தானோ, வழி விட்டான். அவள் கொப்பைப் பொத்திய கையோடு தேயிலைக்குள் இறங்கினாள். ஒரு பழம்கூட உதிராதபடி மற்றக் கையால் அடியில் ஏந்திக்கொண்டாள். போடிமெட்டு ஏறிய அன்று நடந்ததுபோல, வழியில் எங்கும் நிற்காமல், யாரிடமும் பேசாமல் லயத்துக்கு வந்தாள். அடுப்பில் தணல் இன்னும் இருந்தது. பூவையும் பழத்தையும் அதில் போட்டாள். பச்சைக் கொப்பு புகைந்தது, எரிய நேரமாகும்.

பொன்ராஜ் வேலை விட்டு வந்து கதவைத் தள்ளினான். அடுப்பின் முன்னால் சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பழம் சாம்பலாகும்வரை அவள் எழவில்லை.